ரேட்டிங் மாறிய அன்று என்ன செய்வது: இராமநாதபுரம் கடலோரத்துச் சிறு முதலீட்டாளருக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து கீழக்கரை வரை நம் கரை நெடுகிலும் பங்குச் சந்தையில் பணம் போட்டிருப்பவர்களிடம் பேசினால் வெளிவரும் மனக்குறை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு தரகு நிறுவனத்தின் ஆய்வாளர் 'வாங்கலாம்' என்று எழுதிய பங்கை வாங்கியிருப்பார்கள். சில வாரங்களில் விலை இறங்கியிருக்கும். நன்றாக இறங்கிய பிறகு அதே ஆய்வாளர் 'குறைத்துக்கொள்ளலாம்' என்று ரேட்டிங்கை மாற்றியிருப்பார். பயந்துபோய் விற்ற மறு மாதமே விலை ஏறத் தொடங்கியிருக்கும். இதனால் வரும் ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் அந்த ஆத்திரத்தில் எடுக்கும் அடுத்த முடிவுதான் முதல் நட்டத்தைவிடப் பெரிய நட்டத்தைக் கொண்டுவருகிறது என்பதால், விலை ஆடும்போதும் ரேட்டிங் மாறும்போதும் எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது, எதைப் பார்க்காமலே விடுவது என்று இங்கே எழுதுகிறேன். வேறு தொழிலில் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பங்குகளில் வைத்திருப்பவர்களுக்கானது இது. நடுவே வரும் நிறுவனப் பெயர்கள் எடுத்துக்காட்டுகள் மட்டுமே. எதையும் வாங்கவோ விற்கவோ சொல்லவில்லை.

முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள்

ஏற்ற இறக்கத்தில் பணம் இழப்பவர்களில் பலர் மோசமான பங்கை வாங்கியதால் இழப்பதில்லை. விற்கக் கூடாத வாரத்தில் விற்க நேர்ந்ததால் இழக்கிறார்கள். நம் கரையில் அந்த நெருக்கடி எந்த மாதத்தில் வரும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. வருமானம் நிற்கும் அந்த மாதங்களில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, எஞ்சின் வேலை, பெயின்ட், வலை என்று ஆண்டின் பெருஞ்செலவும் வருகிறது. அது முடிவதற்குள் ஜூனில் பள்ளி, கல்லூரிக் கட்டணம் வந்து நிற்கும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். மீதியெல்லாம் சேமிப்பிலிருந்துதான் வர வேண்டும். படகுக்காரருக்கு மட்டும் இந்த நிலை இல்லை. ஐஸ் கம்பெனி, வலைக்கடை, மீன் வியாபாரம், துறைமுகத்தை ஒட்டிய டீக்கடை என்று எல்லோருடைய கையும் அப்போது இறுகிவிடும்.

ஆகவே ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில் தேவைப்படும் பணம் ஜனவரி முடிவதற்குள் பங்குகளிலிருந்து வெளியே வந்து, வங்கி வைப்பிலோ அஞ்சலகக் கணக்கிலோ இருக்க வேண்டும். விற்ற மறு வேலைநாளே பணம் கணக்குக்கு வந்துவிடுகிறதே, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாமே என்று நினைக்கலாம். 2025ஆம் ஆண்டு ஏப்ரலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஏப்ரல் 2 அன்று 76,617 புள்ளியில் முடிந்த மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்புக்குப் பிறகு ஏப்ரல் 7 அன்று 73,137இல் முடிந்தது. ஏப்ரல் 15 அன்று, தடைக்காலம் தொடங்கிய அதே நாளில், 76,734க்குத் திரும்பிவிட்டது. ஏழாம் தேதி பலகை வாங்கப் பணம் வேண்டும் என்று விற்றவருக்கும், அந்தத் தேவை இல்லாமல் சும்மா இருந்தவருக்கும் அறிவிலோ துணிவிலோ வேறுபாடு கிடையாது. ஒருவர் கையில் ரொக்கம் இருந்தது, இன்னொருவர் கையில் இல்லை, அவ்வளவுதான். அந்த முறை எட்டு வேலைநாளுக்குள் விலை மீண்டது. 2020இல் அப்படி நடக்கவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் 42,000ஐத் தொட்ட சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே முடிந்தது. பழைய உயரத்துக்குத் திரும்ப நவம்பர் ஆயிற்று. அடுத்த சரிவு எட்டு நாளில் சரியாகுமா எட்டு மாதம் இழுக்குமா என்பதை எந்த ஆய்வாளரும் சொல்ல முடியாது. தடைக்காலச் செலவுக்கு மேல் ஆறு மாதக் குடும்பச் செலவையும் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதை மட்டுமே சந்தைக்குக் கொண்டுபோவது முறை. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்குவதை எந்தச் சூழ்நிலையிலும் செய்ய வேண்டாம். வட்டி ஓடிக்கொண்டிருக்கும் பணத்தால் காத்திருக்க முடியாது.

ரேட்டிங்கைத் திறந்து பார்ப்பது எப்படி

பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அதன் பொருள் நமக்குத் தெரியும். அதே கூண்டைத் தூத்துக்குடியில் ஏற்றினாலும் பொருள் மாறாது. தரகு நிறுவனங்களின் ரேட்டிங்குகளுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. 'வாங்கலாம்' என்பதற்கு ஒரு நிறுவனத்தில் அடுத்த 12 மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறும் என்று பொருள் இருக்கும். இன்னொன்றில் 10 சதவீதமே போதும். வேறு சில நிறுவனங்கள் விலை ஏறுமா என்று சொல்வதே இல்லை. சந்தைக் குறியீட்டைவிட இந்தப் பங்கு மேலாக இருக்குமா என்று மட்டும் சொல்கின்றன. குறியீடு 20 சதவீதம் விழுந்து பங்கு 12 சதவீதம் விழுந்தாலும் அந்தக் கணக்கில் ஆய்வாளர் சொன்னது பலித்ததாகவே ஆகும். ஆகையால் ரேட்டிங் மாறியது என்ற செய்தியைக் கைப்பேசியில் பார்த்தவுடன் முதல் வேலை, அந்த அறிக்கையின் கடைசிப் பக்கங்களுக்குப் போவது. அங்கே சின்ன எழுத்தில் ஒரு கட்டத்துக்குள் ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் அந்த நிறுவனம் வைத்திருக்கும் பொருள் அச்சிடப்பட்டிருக்கும்.

அடுத்த வேலை, எந்த எண் மாறியது என்று தேடுவது. பங்கு எட்டும் என்று ஆய்வாளர் சொல்லும் இலக்கு விலை வானத்திலிருந்து வருவதில்லை. பெரும்பாலான அறிக்கைகளில் அது ஒரு பெருக்கல் கணக்கு: ஒரு பங்குக்கு அடுத்த ஆண்டில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் லாபத்தை, அந்த லாபத்துக்குச் சந்தை எத்தனை மடங்கு விலை கொடுக்கும் என்ற எண்ணால் பெருக்குவார்கள். ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பங்கு ஒன்றுக்கு எதிர்பார்க்கும் லாபம் 20 ரூபாய், மடங்கு 30. இலக்கு விலை 600 ரூபாய். சந்தை விலை 500 என்பதால் ரேட்டிங் 'வாங்கலாம்'.

இப்போது மூன்று விதமாக இந்த ரேட்டிங் கீழே இறங்கலாம். விலை 500இலிருந்து 590க்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். லாப மதிப்பீடும் மாறவில்லை, மடங்கும் மாறவில்லை, இலக்கு அதே 600தான். ஆனால் மிச்சம் இருப்பது பத்து ரூபாய் என்பதால் ரேட்டிங் 'வைத்திருக்கலாம்' என்று இறங்கும். செய்தியில் இதுவும் ரேட்டிங் குறைப்பு என்றுதான் வரும். நிறுவனத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. 500க்கு வாங்கி ஐந்தாண்டு வைத்திருக்க நினைத்தவர் இந்தக் குறைப்பைப் படித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம்.

இரண்டாவது, லாப மதிப்பீடு 20 ரூபாயிலிருந்து 16 ரூபாயாக வெட்டப்படுகிறது, மடங்கு அதே 30, இலக்கு 480. மூன்றாவது, லாபம் அதே 20. மடங்கு 30இலிருந்து 24 ஆகக் குறைக்கப்படுகிறது. இலக்கு அப்போதும் 480. செய்தித் தலைப்பில் இந்த இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், 'இலக்கு 600லிருந்து 480 ஆகக் குறைப்பு' என்று. உள்ளே இரண்டும் வெவ்வேறு சங்கதிகள். முன்னதில், நிறுவனம் நினைத்த அளவுக்குச் சம்பாதிக்காது என்று ஆய்வாளர் சொல்கிறார். பின்னதில், நிறுவனம் அதே அளவு சம்பாதிக்கும், ஆனால் சந்தை முன்பு கொடுத்த விலையைக் கொடுக்காது என்கிறார். வட்டி விகிதம் ஏறியதும், அந்தத் துறையின் மேலிருந்த மோகம் குறைந்ததும், வெளிநாட்டு நிதியங்கள் விற்பதும் பின்னதற்குக் காரணமாகலாம். அவை வரும், போகும். முன்னது வந்தால்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். அறிக்கையின் முதல் பக்கத்திலோ இரண்டாம் பக்கத்திலோ பழைய மதிப்பீடு, புதிய மதிப்பீடு, வேறுபாடு எத்தனை சதவீதம் என்று மூன்று பத்தியுள்ள அட்டவணை இருக்கும். ரேட்டிங்கைவிட அந்த அட்டவணைதான் விலை மதிப்புள்ளது என்பது என் உறுதியான கருத்து.

லாப மதிப்பீடு வெட்டப்பட்டிருந்தால், அது ஒரு காலாண்டோடு போகிற விஷயமா, நின்றுவிடப்போகிற விஷயமா என்று கேளுங்கள். ஆலை பராமரிப்புக்காக இருபது நாள் மூடியிருந்தது, மூலப்பொருள் விலை ஏறியது என்பவை முதல் வகை. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் போய்விட்டார், கடன் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருக்கிறது, தணிக்கையாளர் பதவிக்காலம் முடியுமுன்பே விலகிவிட்டார் என்பவை இரண்டாம் வகை. இதற்கு ஆய்வாளரின் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் காலாண்டு முடிவுக்குப் பிறகு ஆய்வாளர்களோடு நடத்தும் உரையாடலின் எழுத்துவடிவத்தை ஐந்து வேலைநாளுக்குள் பங்குச் சந்தைகளின் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதி. ஆய்வாளர் என்ன கேட்டார், நிர்வாகம் எதற்கு நேராகப் பதில் சொன்னது, எதை மழுப்பியது என்பதெல்லாம் அதில் அப்படியே கிடக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளையை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை இப்படிப் படித்தவர்கள் பிறகு தலைப்புச் செய்தியை நம்பி விற்பதில்லை.

ஆய்வாளர் ஏன் எப்போதும் தாமதமாக வருகிறார்

விலை விழுந்த பிறகுதானே ரேட்டிங்கைக் குறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. எஸ் வங்கியின் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது. 2019 ஏப்ரல் 26 அன்று வங்கி தன் முதல் காலாண்டு நட்டத்தை, 1,500 கோடி ரூபாய்க்கு மேல், அறிவித்தது. அதற்கடுத்து ஏப்ரல் 30 அன்று சந்தை திறந்தபோது பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்தது. பல தரகு நிறுவனங்கள் ரேட்டிங்கைக் குறைத்தது அந்த முடிவுகளைப் பார்த்த பிறகுதான். அதைக் கேட்டு விற்றவர்கள் பெரிய சரிவு முடிந்த விலையில்தான் விற்க முடிந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அந்த வங்கியின் செயல்பாட்டை நிறுத்திவைத்து, வாடிக்கையாளர் எடுக்கக்கூடிய தொகையை 50,000 ரூபாயாகக் கட்டுப்படுத்தியது. 2019இல் 'ஏற்கெனவே விழுந்துவிட்டது, இனி என்ன' என்று வைத்திருந்தவர்களும், சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று மேலும் வாங்கியவர்களும், தாமதமாக வந்த ரேட்டிங் குறைப்பைக் கேட்டு விற்றவர்களைவிட மோசமாக அடிபட்டார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, தாமதமாக வருவதாலேயே ஒரு ரேட்டிங் பொய்யாகிவிடாது என்பது. ஆய்வாளருக்கும் காலாண்டு முடிவுதான் தகவல். அது வரும்வரை அவர் நிர்வாகம் சொன்னதை வைத்துக் கணக்குப் போடுகிறார். நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை அறுந்துவிடக் கூடாது என்ற தயக்கம் அவருக்கு உண்டு. அவருடைய நிறுவனத்துக்கே அந்தக் கம்பெனியின் பங்கு வெளியீட்டில் வேறு வேலையும் இருக்கலாம். 'விற்கலாம்' என்ற ரேட்டிங் அரிதாகவே கண்ணில் படுவதற்கு இவை காரணம். 2014ஆம் ஆண்டின் செபி விதிகள் இதில் சில கட்டுப்பாடுகளை வைத்துள்ளன: ஆய்வாளர் தான் பரிந்துரைக்கும் பங்கை அறிக்கை வெளியாவதற்கு 30 நாள் முன்பிருந்து, வெளியான 5 நாள் வரை வாங்கவோ விற்கவோ கூடாது, அவரோ அவருடைய நிறுவனமோ அந்தக் கம்பெனியில் 1 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் அதை வெளியிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் ரேட்டிங் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இந்த வெளிப்படுத்தலும் இருக்கும். இரண்டு நிமிடம் ஒதுக்கி அதையும் படியுங்கள்.

பாலத்தைப் பார்த்துப் பங்கு வாங்குவது

2025 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, இராமநவமி அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது ரயில் விகாஸ் நிகம் என்ற, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அரசு நிறுவனம். நம் கண் முன்னால் எழும்பிய பாலம், நடுவில் செங்குத்தாகத் தூக்கும் 72.5 மீட்டர் இரும்புப் பகுதி, பிரதமர் வருகை எல்லாம் சேர்ந்து, இந்தப் பங்கு நிச்சயம் ஏறும் என்ற எண்ணம் யாருக்கும் வரக்கூடியதுதான். கணக்கைப் பாருங்கள். பாலத்தின் செலவு 550 கோடி ரூபாய்க்குச் சற்று மேல், அதுவும் பல ஆண்டுகளில் பரவியது. அந்த நிறுவனத்தின் ஓராண்டு வருவாயே 20,000 கோடி ரூபாய் அளவில் இருக்கிறது. பாலம் கட்டக் கட்ட அதற்குரிய வருவாய் அந்தந்த ஆண்டிலேயே கணக்கில் ஏறிவிடும் என்பதால் திறப்பு விழா அன்று புதிதாக வருமானம் எதுவும் வருவதில்லை. 2019இல் 19 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட அந்தப் பங்கு 2024 ஜூலையில் 640 ரூபாயைத் தாண்டியிருந்தது. பாலம் திறந்தபோது அந்த உச்சத்துக்கு வெகு கீழே இருந்தது. திறப்பு விழாவின் மறுநாள்தான் ஏப்ரல் 7, சந்தை மொத்தமும் சரிந்த திங்கட்கிழமை.

நம் ஊரில் நடக்கும் வேலை என்பதால் அந்த நிறுவனத்தைப் பற்றி நமக்கு அதிகம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அப்படித் தோன்றும்போதெல்லாம் ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள்: இந்த வேலையின் மதிப்பு, நிறுவனத்தின் ஆண்டு வருவாயில் எத்தனை சதவீதம்? அது ஐந்து சதவீதத்துக்குள் வந்தால், பாலத்தைப் பார்த்து மகிழுங்கள். அதைக் காரணமாக வைத்துப் பங்கு வாங்காதீர்கள்.

சந்தை ஆடும் நாளில்

அதே ஏப்ரல் 7ஆம் தேதிக் காலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சந்தை 9:15க்குத் திறந்தபோது சென்செக்ஸ் முந்தைய முடிவைவிட 3,900 புள்ளிக்கு மேல் கீழே, 71,450 அருகில் இருந்தது. மாலை 3:30க்கு முடிந்தபோது இழப்பு 2,227 புள்ளி. அதாவது காலையில் முதல் நிமிடத்தில் 'என்ன விலையானாலும் விற்றுவிடு' என்று மார்க்கெட் ஆர்டர் போட்டவர், அன்று மாலையில் பயந்து விற்றவரைவிட 1,600 புள்ளிக்கு மேல் கீழே விற்றிருக்கிறார். 2020 மார்ச் 13 இன்னும் கடுமை. திறந்த சில நிமிடங்களில் குறியீடு 10 சதவீதம் விழுந்து, வணிகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மீண்டும் திறந்த பிறகு ஏறி, சென்செக்ஸ் 1,325 புள்ளி லாபத்தோடு முடிந்தது. எல்லாச் சரிவும் இப்படி மாலைக்குள் மீளும் என்று சொல்லவில்லை. பத்து நாள் கழித்து மார்ச் 23 அன்று மீளவில்லை. முதல் அரைமணி நேரத்து விலை, முந்தைய இரவு முழுதும் பயந்தவர்கள் எல்லோரும் ஒரே வாசலில் முண்டியடிக்கும் நேரத்து விலை என்பதே என் வாதம். பத்து மணிக்கு முன் ஆர்டர் போடுவதில்லை, போட்டாலும் விலை குறிப்பிட்ட லிமிட் ஆர்டர்தான் என்ற இரண்டு பழக்கமும் இருந்தால் பெரும் சேதம் தவிர்க்கப்படும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. இராமேசுவரம் விசைப்படகு காலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். சந்தை நடக்கும் நேரம் முழுவதும் சிக்னல் இருக்காது. அப்படிப்பட்டவர், குறித்த விலை வந்தால் தானாக நடக்கும்படி ஜிடிடி ஆர்டர் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அது என்ன செய்யாது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 100 ரூபாய்ப் பங்குக்கு 95இல் விற்கும்படி வைத்திருக்கிறீர்கள். மறுநாள் பங்கு 88இல் திறக்கிறது. ஆர்டர் எழும்பும், ஆனால் நீங்கள் வைத்த லிமிட் விலை 94 என்றால் 88இல் யாரும் 94 கொடுத்து வாங்க மாட்டார்கள். ஆர்டர் நிறைவேறாமலே நிற்கும். சிறிய கம்பெனிப் பங்குகளில் இன்னும் மோசம். 5 சதவீத லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரே நாளில் இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி விலையில், பூட்டிக்கொண்டால் வாங்க ஆளே இருக்காது. நாள் கணக்கில் விற்க முடியாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தினமும் திரையைப் பார்க்க முடியாதவர், தினமும் பார்த்தாக வேண்டிய பங்கை வைத்திருக்கக் கூடாது.

அன்றே வாங்கி அன்றே விற்கும் அன்றாட வணிகத்தையும், பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையை வணிகம் செய்யும் ஆப்ஷனையும் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: நம் கரையில் பருவ வருமானத்தில் வாழும் எவரும் அவற்றின் பக்கம் போக வேண்டாம். செபியே கணக்கெடுத்து வெளியிட்ட எண்கள் இருக்கின்றன. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டில் முன்பேர (ஃப்யூச்சர்ஸ்), ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். சேர்ந்து இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். விதிகளை இறுக்கிய பிறகும் 2025ஆம் நிதியாண்டில் 91 சதவீதம் பேருக்கு நட்டம்தான். பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்றவர்களில் 2023ஆம் நிதியாண்டில் பத்தில் ஏழு பேர் நட்டப்பட்டார்கள். தரகர் கடன் கொடுத்து வாங்கவைக்கும் மார்ஜின் வசதியும் இதே வரிசையில் வருவதுதான். விலை விழும்போது பங்கை விற்கும் முடிவை உங்களிடமிருந்து தரகர் எடுத்துக்கொள்வார். அதற்கு வட்டியும் உண்டு என்பதால் வட்டியைத் தவிர்க்கும் நம் இஸ்லாமியக் குடும்பங்களுக்கு அது எப்படியும் ஆகாது. அவர்கள் எந்தப் பங்கு ஷரியாவுக்கு உட்பட்டது என்று பார்க்க, தேசியப் பங்குச் சந்தை வெளியிடும் நிஃப்டி 500 ஷரியா குறியீட்டின் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.

தொழிலும் பங்கும் ஒரே திசையில் இருந்தால்

இறால் பண்ணை வைத்திருப்பவர்களும் இறால் ஏற்றுமதியோடு தொடர்புள்ளவர்களும் தங்களுக்குத் தெரிந்த துறை என்று அவந்தி ஃபீட்ஸ், ஏபெக்ஸ் ஃப்ரோசன் ஃபுட்ஸ் போன்ற பங்குகளை நாடுவது இயல்பு. எத்தனை கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை எண்ணிக்கை) இறால் இன்று என்ன விலை போகிறது என்பது ஆய்வாளருக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும் என்பதும் உண்மை. ஆனால் 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது, அதிலிருந்து இறாலும் தப்பவில்லை. அந்த மாதிரி நேரத்தில் குளத்தில் வளரும் வனாமி இறாலுக்கும் விலை இறங்கும், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டிமேட் கணக்கில் இருக்கும் பங்குக்கும் விலை இறங்கும். வருமானம் குறையும் மாதத்திலேயே சேமிப்பும் கரைவது சிறு குடும்பத்தைச் சாய்த்துவிடும். தொழில் இறாலில் இருந்தால் சேமிப்பு வேறு துறையில் இருக்கட்டும். உங்கள் துறை அறிவை, பண்ணையில் எப்போது அறுவடை செய்வது என்று முடிவெடுக்கப் பயன்படுத்துங்கள். அங்கே அதற்கு மதிப்பு அதிகம்.

வெளிநாட்டில் இருப்பவர் கணக்கும், குழுக்களில் வரும் டிப்ஸும்

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கம் வளைகுடாவில் வேலை செய்பவரின் டிமேட் கணக்கை ஊரில் இருக்கும் அண்ணனோ மச்சானோ ஓடிபி வாங்கி இயக்குவது வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டில் குடியிருப்பவர் இங்கே அன்றாட வணிகம் செய்ய அனுமதி இல்லை. வாங்கிய பங்கை டெலிவரி எடுத்து, அதாவது அது கணக்கில் வந்து சேர்ந்த பிறகுதான் விற்க வேண்டும். இங்கிருந்தபோது திறந்த கணக்கை, வெளிநாட்டுவாசி ஆனதும் அதற்குரிய வகைக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாத கணக்கில் வேறு ஒருவர் செய்த வணிகத்தில் நட்டம் வந்தால் யாரிடமும் முறையிட முடியாது, உறவும் கெட்டுவிடும்.

டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் வருபவற்றை ரேட்டிங் என்று எண்ண வேண்டாம். செபியில் பதிவு பெற்ற ஆய்வாளரின் எண் 'ஐஎன்எச்' என்ற எழுத்துகளோடு தொடங்கும். அந்த எண்ணைச் செபியின் இணையதளத்தில் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண் இல்லாதவர், லாபத்துக்கு உறுதி கொடுப்பவர், தனிப்பட்ட கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்பவர் யாராக இருந்தாலும், நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், விலகிவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் அந்த மணி நேரத்திலேயே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தரகர் மீதோ நிறுவனத்தின் மீதோ குறை இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். 21 நாளுக்குள் அவர்கள் நடவடிக்கை எடுத்துப் பதில் தர வேண்டும்.

வாங்கும் அன்றே எழுத வேண்டியது

இவ்வளவையும் நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பங்கை வாங்கும் அன்று நான்கைந்து வரி எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: 'விலை 500. லாபம் மூன்று ஆண்டாக ஏறுகிறது, கடன் குறைகிறது, அதற்காக வாங்குகிறேன். இந்தப் பணம் 2030 வரை வேண்டாம். கடன் மீண்டும் ஏறினாலோ, இரண்டு காலாண்டு தொடர்ந்து லாபம் இறங்கினாலோ விற்பேன்.' விற்கும் காரணத்தில் விலையை எழுதாதீர்கள். நிறுவனத்தில் நடக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். 'ஆய்வாளர் வாங்கச் சொன்னார்' என்பதைத் தவிர வேறு காரணம் எழுத வரவில்லை என்றால் அன்று வாங்க வேண்டாம். அவர் சொல்லி வாங்கியதை அவர் சொல்லாமல் விற்கத் தெரியாது.

ரேட்டிங் மாறிய செய்தி வந்தால் இந்த நோட்டை எடுத்து, அறிக்கையில் மாறிய எண்ணும் நீங்கள் எழுதிய காரணமும் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் தேதியை மட்டும் குறித்துவிட்டு மூடிவிடுங்கள். வேறு எப்போது நோட்டைத் திறப்பது என்றால், காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவுகளும், ஆண்டு முடிந்து 60 நாளுக்குள் ஆண்டு முடிவுகளும் வர வேண்டும் என்பதால், ஆகஸ்டு 14, நவம்பர் 14, பிப்ரவரி 14, மே 30 என்ற நான்கு தேதிகளை ஒட்டி ஒவ்வொரு மாலை ஒதுக்கினால் போதும். மே 30 தடைக்காலத்துக்குள் வருவதால் ஆண்டு முடிவுகளை நிதானமாகப் படிக்க நேரம் கிடைக்கும்.

நீங்கள் எழுதிய விற்கும் காரணம் உண்மையிலேயே நடந்துவிட்டிருந்தால், நட்டமானாலும் விற்றுவிடுங்கள். வாங்கிய விலை திரும்ப வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. அப்படி விற்று வந்த நட்டத்தை, வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால், அடுத்த எட்டு ஆண்டுகள் வரை முதலீட்டு லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று தாக்கல் செய்யாமல் விடுபவர்கள் இந்த உரிமையை இழந்துவிடுகிறார்கள் என்பதால், நட்டம் வந்த ஆண்டில் தரகர் தரும் லாப நட்ட அறிக்கையை ஏப்ரலிலேயே பதிவிறக்கிக் கணக்கரிடம் கொடுத்துவிடுங்கள்.